புத்தகத்தில் போட்ட பதினெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை, முக்கால்வாசி அப்படித்தான் இருக்கிறோம், மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையிலும் சாயங்காலமும் ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வண்டியில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கில் அப்பா, அவர் பக்கத்தில் உன் மாமா, பின்னால் நானும் அத்தையும், எங்களுக்கு நடுவில் அத்தையின் தையல் மெஷின். அது ஊசியை முறித்துக்கொண்டே இருக்கிறது என்று ரிப்பேருக்குக் கொண்டுபோனோம். மாமா புதுக் கார் வாங்கியிருக்கிறான், அதன் சீட்டில் எண்ணெய்க் கறை பட்டுவிடுமாம், அதனால் நம் வண்டியைக் கேட்டான். ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஒரே புலம்பல். கம்பெனிக்காரன் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறான், ஓட்டிப் பார்த்தால் பதினைந்தைத் தாண்டவில்லை, நம்பி மோசம் போனேன் அக்கா என்று. அப்பாவுக்கு அதைக் கேட்டு உள்ளூரக் குஷி. டேய், அவன் மூடின அறைக்குள்ள உருளை மேல நிறுத்தி ஓட்டிப் பாத்து எழுதறவன், அங்க மேடு உண்டா, மழை உண்டா, குறுக்க ஆடு வருமா, இல்ல உன்னை மாதிரி தொந்தி வச்ச ஆள்தான் ஏறுவானா என்றார். சரி அத்தான், உங்க வண்டி என்ன குடுக்குது, அதைச் சொல்லுங்க என்று மாமா கேட்டான். கடைசியாப் போட்டதுல பத்தொன்பது என்று அப்பா சொன்னார். மாமா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, உங்க வண்டிப் புத்தகத்துலயே பதினெட்டுதானே அத்தான் போட்டிருக்கான், இது பெட்ரோல் குடிக்கற வண்டியா கறக்கற வண்டியா என்றான். அத்தை சிரித்த சிரிப்பில் தையல் மெஷினே ஆடியது. அப்பா சிரிக்கவில்லை. அவர் காது மடல் சிவந்துபோனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் சடாரென்று பிரேக் போட்டார், அத்தையின் நெற்றி முன் சீட்டில் போய் இடித்தது. நாய் என்றார். நாயும் இல்லை ஒன்றும் இல்லை, ரோட்டில் ஒரு மரத்து நிழல் விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பதினெட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதா. உனக்கு எட்டு வயது, வண்டி வீட்டுக்கு வந்த புதிது. பம்பிங் ஸ்டேஷனில் அப்பாவுக்கு இரண்டு நாள் லீவு கிடைத்ததும் கடலைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். வண்டியோடு வந்த புத்தகத்தை முதல் நாள் முழுக்க உட்கார்ந்து படித்துவிட்டு, லிட்டருக்குப் பதினெட்டு, இத்தனை லிட்டர், தாராளமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வழியில் வந்த பங்க்கை எல்லாம் டாட்டா காட்டித் தாண்டினார். கடல் வாசனை வருகிறது என்று நீ மூக்கை நீட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மேட்டில் வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டது. நீ பானெட் மேல் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றாய், சூடு சூடு என்று சொல்லிக்கொண்டே இறங்கவும் மாட்டேன் என்றாய். ஒரு லாரிக்காரர் பாட்டிலில் பெட்ரோல் கொடுத்தார், கணக்கைக் கேட்டுவிட்டு அவர் சிரித்ததில் அப்பாவுக்கு மானமே போய்விட்டது. அதைச் சமாளிக்க என்னைப் பார்த்து, அந்தப் பதினெட்டு பொண்டாட்டி ஏறாத வண்டிக்குடி என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என் கணக்கு. டாங்க்கை நிரப்பு, ஓடின தூரத்தைக் குறி, மறுபடி நிரப்பு, வகுத்துப் பார். வகுத்தலே நான் உன் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதானே. முதலில் பன்னிரண்டுதான் வந்தது. அதைப் பார்த்து அப்பாவுக்கு ரோஷம் வந்து ஓட்டுகிற விதத்தையே மாற்றினார். பெடலுக்கு அடியில் முட்டை இருக்கிற மாதிரி கால் வைப்பார், கியர் மாற்றினால் நமக்குத் தெரியாது, என் மடியில் தூங்குகிற உன் தலை அசையாது. இழுத்துப் பிடித்துப் பதினைந்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பதினாறு வந்தது. உன்னையும் உன் பெட்டி படுக்கையையும் ஹாஸ்டலில் இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்தோமே, அந்தத் தடவை. எவ்வளவு நாள் ஆசைப்பட்ட நம்பர், வகுத்து முடித்துச் சொன்னபோது அப்பா ம் என்றதோடு சரி. பின் சீட்டில் உன் ரிப்பன் ஒன்று கிடந்தது. வண்டி கனம் குறைந்து ஓடியதற்கு வந்த பதினாறு அது.

அதனால்தான் பாப்பா, புத்தகத்துக்கும் ரோட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அது எல்லா வண்டிக்கும் உள்ளது, நமக்கு எப்போதும் மூன்று. போன மழைக்குப் பிறகு அது மூன்றாக நிற்கவில்லை. லிட்டருக்குப் பதினான்கு, பதின்மூன்று என்று இறங்கிப் பதினொன்றுக்கு வந்துவிட்டது. அப்பா முதலில் பங்க்காரரோடு சண்டைக்குப் போனார், தண்ணி கலக்கறியா என்று. அப்புறம் டயர், அப்புறம் ஏசி, எல்லாவற்றுக்கும் முடிவில், புத்தகத்துல போட்டது எந்தக் காலத்துல யாருக்கு வந்திருக்கு, வயசான வண்டி என்றார். நம் சோடாபுட்டி மெக்கானிக் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, வண்டி நல்லா இருக்குக்கா, பிரேக் கட்டைதான் தேஞ்சு கிடக்கு, அண்ணன் கால் அதை விட்டு எறங்கறதே இல்ல போலிருக்கு என்று என்னிடம் மட்டும் சொன்னார். கட்டையை மாற்றச் சொன்னேன், அடுத்த தடவை வகுத்தபோது பத்தொன்பது வந்தது. பிரேக் மாற்றியதுதான் காரணம் என்று சந்தோஷப்பட்டு ஆண்டவனுக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டேன். புத்தகத்தையே மிஞ்சுகிற வண்டி உலகத்தில் உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை பார், அதைக் கேட்க உன் மாமா வர வேண்டியிருந்தது.

ஞாயிறு ராத்திரி நான் ஒன்றும் கேட்கவில்லை. என் கண் மங்கலாக இருக்கிறது, கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமை பஸ்ஸில் போனோம். என்னைப் பார்த்து முடித்ததும், வந்ததுதான் வந்தோம் இவரையும் பார்த்துவிடுங்கள் டாக்டர் என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் எழுந்து ஓடவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே, அந்தக் கணக்குல இன்னும் பதினஞ்சு லிட்டரைச் சேத்துக்கோ என்றார். ரயில்வே கேட் பக்கத்து பங்க்கில் எனக்குச் சொல்லாமல் போட்டிருக்கிறார். ஏங்க இப்படி என்றேன். கொறஞ்சுட்டே போனா நீ கண்டுபிடிச்சுருவ, பாப்பா வர்றப்ப வண்டிய எடுக்க விடமாட்ட என்றார். எதிர் வெளிச்சம் பட்டால் ரோடே வெள்ளையாகப் போய்விடுகிறதாம், நிழலுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம், அதனால் எல்லாவற்றுக்கும் பிரேக். எத்தனை மாசமாக இந்தப் பயத்தோடு ஓட்டினாரோ, நான் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பயப்படாதே, இரண்டு கண்ணிலும் புரைதான். ஒன்று முடித்து மூன்று வாரம் கழித்து இன்னொன்று, சின்ன ஆபரேஷன், அதற்குப் பிறகு நன்றாகவே ஓட்டலாம், அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா அதற்கெல்லாம் தலையாட்டினார், ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஆபரேஷனை நீ வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். உன் விமானம் இறங்குவதோ இருட்டுகிற நேரம், அங்கிருந்து வீட்டுக்கு மூன்று மணி நேரம், எல்லாம் எதிர் வெளிச்சம்தான். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன், முகம் தொங்கிப்போய்விட்டது. மாமா வண்டி என்றேன், பேரன் மொத மொத வர்றான், அவனை அடுத்தவன் வண்டியில ஏத்தறதா என்கிறார். அந்த ஒரு நாள் மட்டும் விட்டுடு என்று என்னிடம் கெஞ்சுகிற மாதிரி கேட்டார் பாப்பா, அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

அதனால் நான் கேட்பது இதுதான். உன் பயணத்தை இரண்டரை மாசம் தள்ளிப் போட முடியுமா. ஆபீசில் லீவு மாற்றிவிட்டார்கள் என்று நீயே அப்பாவுக்கு எழுத வேண்டும், நான் சொன்னதாக இருக்கக் கூடாது. நாள் தள்ளிப் போனால் சும்மா இருப்பானேன் என்று ஆபரேஷனுக்கு அவரை நான் சம்மதிக்க வைத்துவிடுவேன். பெற்ற பெண்ணைப் பொய் சொல்லச் சொல்கிறேனே என்று ஆண்டவனிடம் கேட்டாகிவிட்டது, அது ஆண்டவனுக்கும் எனக்கும் உள்ள கணக்கு, உன் பேரில் எழுத மாட்டார். குட்டிப் பயல் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிடுவான், அவன் தவழ்வதை நான் பார்க்க முடியாமல் போகும். தெரிந்துதான் கேட்கிறேன். அவனுக்காகத் துவைத்து வைத்த மெத்தையை மறுபடி மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அப்பா கேட்டதற்கு, தூசி படும் என்றேன்.

நீ இருட்டில் வண்டி ஓட்டாதே, ஓட்டினாலும் மெதுவாகப் போ. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். குழந்தைக்கு முத்தம். மூவரையும் ஆண்டவன் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை நீயும் கண்ணைக் காட்டிக்கொள், இது குடும்பத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு எழுதும் கடிதத்தைத் தனியாகப் போடு, எனக்கு எழுதுவதை மாமா விலாசத்துக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா

டிக்கெட்டை மாற்ற முடியுமா முடியாதா என்று மட்டுமாவது சீக்கிரம் பதில் எழுது.