நாலாவது வரி

ஜூலை 14, செவ்வாய். தாராவி.

மாதா கோயில் திருவிழாவுக்கு நான் போட்ட மெட்டு வேறு யாருடையதாவது இருக்குமோ என்று ஒரு வாரமாகப் பயம். போனில் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் செயலியிடம் பாடிக் காட்டினேன். இப்படி ஒரு பாட்டே இல்லை என்றது.

இன்றுதான் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் முதலில் வெறும் ‘லா லா’தான். மூன்றாவது வரியோடு நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அவர்கள் நிற்கவில்லை. நான் பாடிக் காட்டாத நாலாவது வரியையும் சேர்ந்தே பாடி முடித்தார்கள். ஒரு சுரம் பிசகவில்லை. தம்ளரைக் கீழே வைத்தேன்.

“இத எங்க கேட்டிய?”

“எங்கயும் கேக்கலண்ணே, சச்சி, நெசமாத்தான்,” என்றாள் ஸ்டெல்லா. “வாய் தன்னால அங்க போச்சு.”

அந்த வரிக்காக நான் எவ்வளவு அலைந்தேன்!

நாளை அச்சுக்குப் போகும் பாட்டுத் தாளில் ‘மெட்டு’ என்பதற்கு எதிரே என் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை.