பதின்மூன்றிலேயே வைத்திருக்கிறேன்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
வியாழக்கிழமை, நல்ல மழை

அன்புள்ள அதிராவுக்கு,

நம் மாடி அறையிலிருந்து சந்திரிகா எழுதுகிறேன். நான் சுகம், கொஞ்சம் சதை போட்டும் இருக்கிறேன். தோஹாவில் நீயும் ஃபிக்ரியும் குட்டி ஹன்னாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவதையெல்லாம் நீ பார்க்கிறாய், பதில்தான் வருவதில்லை. அதனால் பேத்தியைப் பார்க்கக் கிளம்பும் உன் உம்மாவின் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். கூடவே ஜாதிக்காய் ஊறுகாய். ஃபிக்ரியின் கண்ணில் காட்டாதே, உனக்கு மிஞ்சாது.

முதலில் நல்ல செய்தி. நம் லாரிப் படம் தேர்வாகிவிட்டது! பிறைத் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டும் ருக்குமணி அக்காவின் பின்னாலேயே கேமராவோடு அலைந்தோமே, அந்தப் படம் தீபாவளி கழிந்ததும் இங்கே குறும்பட விழாவில் ஓடப் போகிறது. "கல்யாண வீடியோ எடுக்கிற பிள்ளைங்க" என்று நம்மை இளக்காரமாகச் சொன்னவர்கள் இப்போது டிக்கெட் கேட்கிறார்கள். அக்காவிடம் சொன்னேன். "அப்ப நான் லோரியிலதான் வருவேன், பார்க்கிங் பாத்து வை லா" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அந்தப் படம் போன வாரம் கையைவிட்டுப் போகப் பார்த்தது. கல்யாண வீடியோ வேலைக்கு மோகனராஜ் என்பவரைச் சேர்த்திருக்கிறேன். ஜுருவில் கார்க் கடைகளுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தவர். கெட்டிக்காரர், ஆனால் எதுவும் புத்தம் புதிதாக இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நீ அமைத்துவிட்டுப் போன சர்வரில் டேட்டாபேஸுக்குப் பதின்மூன்றாம் பதிப்பு என்று குறித்திருந்தாய் அல்லவா? நல்லது செய்வதாக நினைத்து, அந்த எண்ணை எடுத்துவிட்டு, எப்போதும் ஆகப் புதியது என்று மாற்றி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

பிறகு இடி விழுந்து கரண்ட் போனது. திரும்பி வந்ததும் சர்வர் தானாகப் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டு, பழைய டேட்டாவைத் திறக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. திரையில் ஒரு புராஜெக்ட் கூட இல்லை. எடுத்த காட்சிகள் டிஸ்கில் பத்திரம்தான். ஆனால் எதை எங்கே வெட்டினோம், எதன் பின்னால் எதை வைத்தோம் என்ற நம் உழைப்பு முழுக்க அந்த டேட்டாபேஸில்தானே இருக்கிறது. "எல்லாம் ரோசாக் லா சந்திரிகா, கெட்டுப்போச்சு, முதல்லேர்ந்து வெட்டணும்" என்று மோகனராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். ரைஸ் குக்கரைக் கூட எரித்துவிடுவாய் என்று என்னைக் கிண்டல் செய்வாயே, அந்த நான் உட்கார்ந்து, சர்வர் என்னதான் சொல்கிறது என்று நிதானமாக வாசித்தேன். இந்த டேட்டா பதின்மூன்றில் உருவானது, இப்போது ஓடும் பதிப்போடு ஒத்துப்போகாது என்று அதுவே சொல்லிக்கொண்டிருந்தது. டேட்டா கெடவே இல்லை! முதலில் அப்படியே ஒரு நகல் எடுத்தேன். அது நீ என் காதில் ஓதிய பாடம். பிறகு பதின்மூன்று என்று திருத்தி ஓடவிட்டேன். ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. "கடைசி", "இதுதான் கடைசி", "சந்திரிகா இதில் கை வைக்காதே" என்று நீ பெயர் வைத்தவையும் வந்தன. நான் போட்ட கூச்சலில் கீழே கடைக்காரர் மேலே வந்துவிட்டார். என் காலரை நானே தூக்கிவிட்டுக்கொண்டேன், போ.

மோகனராஜ் பாவம், மன்னிப்புக் கேட்டார். நகல்தான் இருக்கிறதே, எடிட்டிங் மென்பொருள், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் முறையாகவே புதிதுக்கு மாற்றிவிடலாம் என்றும் சொன்னார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் உன் பழைய லேப்டாப்பில் அந்தப் புதிய மென்பொருள் ஏறாது. நாங்கள் மாறிய நிமிடமே, அங்கிருந்து இதற்குள் நுழைய உனக்கு வழி அடைபட்டுவிடும். அதனால் கல்யாணங்களுக்கெல்லாம் புதிதாகத் தனி சர்வர் வைத்துக்கொள்ளுங்கள், லாரிப் படம் நகராது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். இதன் எடிட்டர் ஊரில் இல்லை என்றேன்.

படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு, வேறு ஆளைப் பார் என்று நீ கடைசியாக அனுப்பியதை வாசித்தேன். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். குழந்தை பிறந்ததிலிருந்து நீ தூங்குவதில்லை, சும்மா சும்மா அழுகிறாய், நான் எதற்கும் லாயக்கில்லை என்று சொல்கிறாய் என்று உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடி அசடே, தேர்வுக்குழுவினர் ஏகமாகப் புகழ்ந்தது ருக்குமணி அக்கா மகளோடு போனில் பேசும் இடத்தைத்தான். அது முழுக்க நீ வெட்டியது. அதை வாசித்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அங்கே டாக்டரைப் பார், உம்மாவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தூங்கு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படத்தின் முடிவு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அக்கா லாரியை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாரே, அதை எங்கே வெட்டுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ வெட்ட வேண்டும் என்று கூட நான் கேட்கவில்லை. அங்கிருந்து நுழைய நீ போட்டு வைத்த வழி அப்படியே இருக்கிறது. ஒரு நாள், ஹன்னா தூங்கும்போது, சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடிவிடு. நீ உள்ளே வந்தால் இங்கே என் திரையில் உன் பெயர் தெரியும். எனக்கு அது போதும்.

ஹன்னாவுக்கு முத்தம். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ வரும்வரை அது பதின்மூன்றிலேயே இருக்கும்.

உன்,
சந்திரிகா