டப்பாவின் மேல் ஒரு வரி

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தார். குடித்தார் என்றால், ஸ்பூனால் ஊட்டியதுதான். பக்கவாதம் வந்ததிலிருந்து வெறும் தண்ணீர் அவருக்கு ஆகாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எதுவானாலும் பொடி கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும். பழைய பொடியைப் போட்டால் தண்ணீர் போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி ஆகிவிடும். ஒரு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தப் புது டப்பாப் பொடி கலந்தது தெரியாமல் கலக்கிறது. நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை.

“தண்ணி... தண்ணியாவே... இருக்கு,” என்றார்.

வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். கண்டக்டரை விட அதிகமாகப் பேசிய டிரைவர் என்று டிப்போவில் பெயர் வாங்கியவர். பகலெல்லாம் அவரைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார், தம்பி குடித்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூக்கு சிவந்திருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

நல்ல கூத்து. எங்கள் உணவுப் பாதுகாப்பு ஆபீசில் என் மேஜைக்கு வந்திருக்கும் புதுக் கோப்பு எங்கள் வீட்டு டப்பாதான்!

பெரிய தொட்டிகளில் நுண்ணுயிரை வளர்த்து எடுக்கும் பிசின். ஐஸ்கிரீமிலும் சாஸிலும் போட ஏற்கெனவே அனுமதி இருக்கிறது. அதைத்தான் கடையில் சமையல் பொடி என்று விற்கிறார்கள், விழுங்க முடியாதவர்களின் வீடுகளில் நாங்களாக வாங்கி எல்லாவற்றிலும் கலக்கிறோம். இப்போது கம்பெனி, விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கான உணவு என்றே அச்சடித்து மருந்துக்கடையில் விற்க அனுமதி கேட்கிறது. பாதுகாப்பானதா என்று பார்த்து எழுத வேண்டியது நான்.

இந்தப் பொடியை வாங்குகிறவள் என்று ஆபீசில் சொல்ல வேண்டுமா? உப்பு வாங்குகிறவள் உப்பைப் பற்றிய கோப்பைப் பார்க்கக் கூடாது என்றால் ஆபீசையே இழுத்து மூட வேண்டியதுதான். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. “ஆபீசரம்மா... லஞ்சம்... வாங்கிராதே.”

மார்ச் 19, புதன்

வலிப்பு. எட்டு மாதமாக இல்லாமல் இருந்தது.

மார்ச் 27, வியாழன்

மறுபடியும். இந்தத் தடவை குளியலறையில். நாத்தனார் தனியாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார், அவருடைய மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. நான் அந்த நேரத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து நாற்காலி வாங்குவது பற்றிய கூட்டத்தில் இருந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் வலிப்பு மருந்தின் அளவு பாதிகூட இல்லை. டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். “மாத்திரை நடுவுல விட்டுப் போகுதாம்மா? மறந்துட்டா சொல்லிடுங்க, பரவாயில்ல.”

“நான் சாப்பிட மறந்தாலும் மறப்பேன் சார், அவனுக்குக் குடுக்க மறக்க மாட்டேன்.”

டாக்டர் நம்பவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் நாத்தனார் மாத்திரை அட்டையை எடுத்துக் காலிக் குழிகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

கோப்பில் கம்பெனி செய்த ஆய்வை இன்று வரி வரியாகப் படித்தேன். ஆரோக்கியமானவர்களுக்கு மூன்று வாரம் பொடியைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை, ரத்தம் சுத்தம், எல்லாம் சரி. யாரைச் சேர்க்கவில்லை என்பது கடைசியில் சின்ன எழுத்தில் இருந்தது: ‘தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்பவர்கள்.’

வழக்கம்தான். எல்லா ஆய்விலும் இப்படித்தான் ஒதுக்குவார்கள், மருந்து குறுக்கே வந்து கணக்கைக் குழப்பும் என்று. நானே நூறு கோப்புகளில் இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் விழுங்க முடியாதவர்களில் மருந்து சாப்பிடாதவர் யார் இருக்கிறார்?

எங்கள் வீட்டில் மாத்திரையைப் பொடித்து எதில் கலந்து தருகிறோம்?

இதைப் படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வெறும் தண்ணீர்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒரு மாத்திரையைப் பொடித்துப் பொடி கலந்த தண்ணீரில் போட்டேன். இன்னொன்றைப் பிசைந்த வாழைப்பழத்தில் கலந்தேன். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, சமையல் முடியும்வரை கிளறிக் கிளறிப் பார்த்தேன். வாழைப்பழம் கரைந்து கலங்கிவிட்டது. பொடி போட்டது அப்படியே கட்டியாக நிற்கிறது, உள்ளே மாத்திரைத்தூள் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. வயிற்றுக்குள்ளும் இப்படியே இருந்து, இப்படியே வெளியே போனால்?

இதை ஆய்வு என்று யாராவது என் மேஜைக்குக் கொண்டுவந்தால் சிரித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். சமையலறை டம்ளரும் கரண்டியும்.

இன்றிலிருந்து மாத்திரை வாழைப்பழத்தில். பொடி போட்டதெல்லாம் பிறகு, இடைவெளி விட்டு. டாக்டருக்கும் போனில் சொன்னேன். “சரி, செஞ்சு பாருங்க,” என்றார், வேலை இல்லாதவளுக்குச் சொல்வது போல.

ஏப்ரல் 22, செவ்வாய்

ரத்தத்தில் மருந்து ஏறிவிட்டது. அதிகமாகவே ஏறியிருக்கிறது, கூட்டிய அளவை டாக்டர் குறைத்துவிட்டார். வலிப்பு இல்லை.

“இப்பத்தான் ஒழுங்கா குடுக்குறீங்க,” என்று நாத்தனாரைப் பாராட்டினார் டாக்டர். நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கை தப்பில்லை அண்ணி, டப்பாதான் தப்பு என்று.

“அப்ப இத மத்தவங்களுக்கு யார் சொல்றது?”

“சொல்றேன் அண்ணி. அதுதானே என் வேலை.”

ஏப்ரல் 24, வியாழன்

எப்படிச் சொல்வது?

கம்பெனியிடம் கேள்வி கேட்கும் கெடு போன மாதமே முடிந்துவிட்டது. இனி அனுமதி கொடுக்கும் குழுவின் கூட்டம் மட்டும்தான். பொடியைத் தடுக்க வேண்டியதில்லை. தடுக்கவும் கூடாது, அவர் தண்ணீர் குடிப்பதே அதனால்தான். டப்பாவின் மேல் ஒரே ஒரு வரி போதும்: மாத்திரையை இதில் கலந்து தர வேண்டாம்.

ஆனால் கூட்டம் தொடங்கியதும் தலைவர் கேட்பார், இந்தப் பொருளில் யாருக்காவது சொந்த விஷயம் உண்டா என்று. என் வீட்டுக்காரர் இதைத்தான் சாப்பிடுகிறார், இதனால் விழுந்தார் என்றால் என்னை வெளியே வராந்தாவில் உட்கார வைப்பார்கள். போன வருடம் எங்கள் குழுவில் ஆய்வுப் புள்ளிவிவரம் பார்க்கும் கணக்குக்காரரை அப்படித்தான் வைத்தார்கள். அவர் மச்சினன் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான் என்று. அவர் ஒருவர்தான் அந்தக் கோப்பை முழுதாகப் படித்திருந்தார். அவர் வெளியே டீ குடித்து முடிப்பதற்குள் கோப்பு கையெழுத்தாகிவிட்டது.

இல்லை என்று சொன்னால் உள்ளே இருக்கலாம். ஆனால் வீட்டில் பார்த்ததை வாயால் சொல்ல முடியாது.

பொய் சொன்னால் உண்மையைச் சொல்லலாம். உண்மையைச் சொன்னால் வராந்தா.

மே 6, செவ்வாய்

தலைவர் கேட்டார். மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக “இல்லை” என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது.

“இல்லை.”

எவ்வளவு சுலபமாக வந்தது.

பிறகு பேசினேன். மருந்து சாப்பிடுபவர்களை ஒதுக்கிவிட்டுச் செய்த ஆய்வை வைத்து, மருந்து சாப்பிடாமல் இருக்கவே முடியாதவர்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்றேன். பிசின் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கும்வரை ஒரு வரி போடுங்கள் என்றேன். கணக்குக்காரர் தலையாட்டினார். ஒரு பேராசிரியர், “நியாயமாத்தான் இருக்கு,” என்றார். வரியோடு அனுமதி. கம்பெனி ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நாத்தனார் என் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டாங்களா... வீட்டப் பத்தி?” என்றார்.

இந்த மனிதரிடம் எதை மறைக்க முடிந்தது என்னால்?

“கேட்டாங்க,” என்றேன்.

மே 29, வியாழன்

எங்கள் ஆபீஸ் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் அவருடைய போன். “உக்காருங்கம்மா. இதக் கேளுங்க,” என்று ஒரு பதிவை ஓட விட்டார்.

முதல் சொல்லிலேயே நாத்தனாரின் குரல் தெரிந்துவிட்டது.

“...பேர எழுதிக்கோங்க. என் தம்பி ரெண்டு தடவ விழுந்தான், உங்க பொடியால! நீங்க என்ன விசாரிக்கிறது? எங்க வீட்டுப் பொண்ணு, என் தம்பி பொண்டாட்டி, அந்த ஆபீஸ்லதான் பெரிய அதிகாரி. உங்க காகிதம் அவ கையிலதான் இருக்கு. உங்கள விட மாட்டா, பாத்துக்கோங்க!”

டப்பாவின் அடியில் போட்டிருக்கும் நம்பருக்குப் பேசியிருக்கிறார். ஏப்ரல் இருபத்து மூன்று. நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னதற்கு மறுநாள். கம்பெனி ஒரு மாதமாக இதைப் பத்திரமாக வைத்திருந்து இன்று ஆட்சேபத்தோடு அனுப்பியிருக்கிறது.

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். “நீங்க பேசினதுல ஒரு வார்த்த தப்பு இல்லம்மா. பேசறதுக்கு முன்னாடி சொன்ன ஒரே வார்த்ததான் தப்பு.”

“உண்மையச் சொல்லியிருந்தா வெளிய அனுப்பியிருப்பீங்க சார்.”

“ஆமா. ஆனா அவர் விழுந்தத ஒரு புகாரா பதிஞ்சிருப்போம். இப்ப அதையும் பதிய முடியாது. எங்ககிட்டயே பொய் சொன்னவங்க வீட்டுப் புகார்னு ஆகிப்போச்சு.”

பதிந்திருப்பார்களா? தெரியவில்லை. இனித் தெரியப் போவதும் இல்லை.

மே 30, வெள்ளி

நாத்தனாரிடம் கேட்டேன். கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். கத்திவிட்டேன். உங்கள யாரு போன் பண்ணச் சொன்னா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமா, எல்லாம் நாசமாப் போச்சே அண்ணி...

அவர் கலக்கிக்கொண்டிருந்த டம்ளரை வைத்துவிட்டு நின்றார். “டாக்டர் என்னத் திருடி மாதிரி பாத்தார். யாராவது ஒருத்தர்கிட்ட நான் தப்பு பண்ணலன்னு சொல்லணும்போல இருந்துச்சு. வேற யார் நம்பர் இருக்கு எங்கிட்ட?”

இரண்டு பேரும் அழுதோம். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 12, வியாழன்

தற்காலிகப் பணிநீக்கம். விசாரணை முடியும்வரை அந்தப் பொருளைப் பற்றி நான் யாரிடமும், எந்த வகையிலும் கருத்துச் சொல்லக் கூடாது என்று தனியாக ஒரு பத்தி. மீறினால் வேலை போகும். வேலை போனால் அவருடைய வைத்தியம்?

ஜூலை 18, வெள்ளி

நான் இல்லாமல் மறு கூட்டம். கணக்குக்காரர் மாலையில் போன் செய்தார். “வரிய எடுத்துட்டாங்க. ஆதாரம் இல்லாத சந்தேகம், அதுவும் நேர்மையில்லாம கிளப்பினதுன்னு சொல்லிட்டாங்க. நான் பேசிப் பாத்தேன். உங்க பேரு வந்ததும் யாரும் நிமிந்தே பாக்கல.”

அந்த வரிக்கு இருந்த ஒரே தீட்டு நான்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்று டப்பாவில் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

மருந்துக்கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். புது மூடி, நீல நிறம். சிரிக்கிற ஒரு கிழவர் படம். சுற்றிச் சுற்றிப் படித்தேன். கடைக்காரர், “நல்லா போகுதுங்க,” என்றார்.

வாங்கிக்கொண்டு வந்தேன். தண்ணீருக்கு வேண்டுமே.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விழுங்கும் பயிற்சிக்காக அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கூட்டம். எங்களுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், நெற்றியில் புதுத் தையல். கூட வந்த மகளுக்கு முப்பது வயது இருக்கும். பையில் நீல மூடி நீட்டிக்கொண்டிருந்தது.

அவளாகவே பேச்சுக் கொடுத்தாள். “அப்பாவுக்கு ரெண்டு வாரமா திரும்பத் திரும்ப வலிப்பு வருதுங்க. மாத்திரைய நான்தான் ஒழுங்கா குடுக்கலன்னு அண்ணன் திட்றான். நேரம் தவறாம கலக்கிக் குடுக்குறேன்.”

எதில் கலக்குகிறாய் என்று கேட்க வாய் எடுத்தேன். மூடிக்கொண்டேன். அந்தப் பத்தி கண் முன்னால் நின்றது. யாரிடமும், எந்த வகையிலும். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு பிழைப்பு.

என் வீட்டுக்காரர் என் கையைத் தட்டினார். நான் திரும்பவில்லை. அவர் என்னை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

“மாத்திர... அதுல... வேணாம். பழத்துல... குடு. இது... அப்புறம்.”

எச்சில் வழிந்தது. துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண் மரியாதைக்குச் சிரித்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பிறகு என்னிடம் கேட்டாள்.

“என்னங்க சொல்றார்?”

அவர் என்னைப் பார்த்தார். மே மாதம் அன்று பார்த்த அதே பார்வை.

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. எப்படித் தெரியும் என்று அவள் கேட்டபோது, எங்கள் வீட்டில் நடந்ததையும் சொன்னேன். வராந்தா முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன் போலிருக்கிறது, எதிர் பெஞ்சில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் பையிலிருந்து டப்பாவை எடுத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள், அடியைப் பார்த்தாள்.

“இதுல அப்படி ஒண்ணும் போடலையே?”

“போடலம்மா,” என்றேன்.