இலக்கை எடுத்த பிறகும்

ஐப்பசி, வியாழன். அல்லிநகரம்.

மாலையில் கதிரேசன் போன் செய்தான். அணு உலையில் என்னோடு வேலை பார்த்தவன். அங்கே நியூட்ரான்களின் தற்சுழற்சியை ஒரே திசைக்குக் கொண்டுவந்து, இலக்காக வைத்த பொருளின்மேல் செலுத்துவோம். காந்தத்தால் அந்தத் திசையைத் திருப்பும்போது, வெளிவரும் காமாக் கதிர் ஒரு பக்கம் துளி கூடினால் அது வலிமை குறைந்த அணுக்கரு விசையின் அடையாளம். இலக்கை எடுத்துவிட்டும் ஒருமுறை அளக்க வேண்டும் என்று அன்று மன்றாடினேன். நேரம் வீண் என்று சொல்லி, குழுத் தலைவர் என்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்.

"இலக்கு இல்லாமலே அதே வித்தியாசம் வருதுடா. எல்லாம் காந்தத்தோட வேலை. நீ சொன்னதுதான் சரி. நாளைக்குக் கூட்டத்துல உன் பேரைச் சொல்றேன்" என்றான்.

"தலைவருக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுச்சாக்கும்? என் பேரை எடுக்காத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் சொல்ல யாருமில்லை. டீக்கடைக்காரரிடம், அணு ஆராய்ச்சியில் நான் சொன்னது சரியாகிவிட்டது என்றேன்.

"போடி மலையக் குடையணும்னாகளே, அந்த ஆளுகளா சார் நீங்க?"

"இல்லண்ணே, அது நியூட்ரினோ. இது வேற."

"எதுவோ. சீனி கம்மிதான?"

இப்போது கதிரேசனைத் திரும்பத் திரும்ப அழைக்கிறேன், பேரைச் சொல் என்று சொல்ல. போனை அணைத்து வைத்திருக்கிறான். காலையில் கூட்டம். கேட்டுக்கொண்டதை அப்படியே செய்கிறவன் அவன்.