என் வீட்டு டிவி மட்டும்

ஜூன் 3, செவ்வாய்

அங்கன்வாடியைத் திறக்கும் முன்பே வள்ளியம்மை வந்து வாசலில் நின்றாள். பேரனைக் கொண்டுவந்து விடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தனியாக வந்திருந்தாள்.

"டீச்சர், டிவில பேச்சு மட்டும் வருது. ஆளு யாரையும் காணோம்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். திரை முழுக்கக் கறுப்பு. உள்ளே மாமியாரும் மருமகளும் சண்டை போடும் சத்தம் மட்டும் கேட்கிறது. டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் மங்கலாக உருவங்கள் அசைகின்றன. மாசியில் வாங்கிய டிவி. என் தம்பி சேரன் கடையில், நானே கூடப் போய் வாங்கிக் கொடுத்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். "கரண்டு ஏறி இறங்கியிருக்கும்க்கா. ஆள அனுப்பறேன்" என்றான்.

இன்று முட்டை வரவில்லை. பிள்ளைகள் ஆளாளுக்குக் கேட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

ஆள் வரவில்லை. வாரண்டி அட்டையில் ஒரு நம்பர் இருக்கிறது. வள்ளியம்மை வீட்டிலிருந்தே அடித்துப் பார்த்தேன். ஒரு பாட்டு ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே கட்டாகிறது. மறுபடியும் அதே பாட்டு. டிவி மேல் எழுதியிருக்கும் கம்பெனி பெயரை இதற்குமுன் எங்கும் கேட்டதில்லை. வாங்கும்போதே அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்றுமா? கடை என் தம்பியுடையது.

பொங்கலுக்குக் குத்தாலம் கடைத்தெருவில் கடை திறந்தபோது ரிப்பன் வெட்டியவள் நான். அப்பா போனபோது சேரன் அரைக்கால் சட்டை போட்டிருந்தான். நான் வேலைக்குப் போய்த்தான் அவனை டிப்ளமோ படிக்க வைத்தேன். எங்கள் தெருவில் ஒருத்தன் கடை முதலாளி ஆனது அதுதான் முதல் தடவை. தெருவே வேன் வைத்துக்கொண்டு வந்தது. திரும்பும்போது வேனில் எல்லாரிடமும் சொன்னேன்: "எது ஆனாலும் என்னைக் கேளுங்க."

இப்போது கேட்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது வீடு. திரைக்குக் குறுக்கே பச்சைக் கோடு.

ஜூன் 22, ஞாயிறு

தங்கையன் பெரியப்பா வீட்டு டிவியும் போய்விட்டது. கம்பெனி பெயர் வரும், அணையும், மறுபடி பெயர் வரும், அணையும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம்.

போன வருஷம் வரப்பில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவர் கட்டிலோடு கட்டில். பெரியம்மா நடவுக்குப் போய்விட்டால் வீட்டில் அவருக்குத் துணை அந்த டிவிதான். அவரிடம் முன்பு அரசாங்கம் கொடுத்த பழைய டிவி ஒன்று இருந்தது. பெட்டி மாதிரி, பின்பக்கம் வீங்கியிருக்கும். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்கள், பெரிதாக வாங்குங்கள், கண்ணுக்கு நல்லது என்று சொன்னவள் நான்.

"அந்தப் பழசையாவது உன் தம்பிகிட்ட கேட்டு வாங்கிக் குடும்மா" என்றார்.

சேரனிடம் கேட்டேன். எடைக்குப் போட்டுவிட்டானாம்.

ஜூலை 4, வெள்ளி

சேரன் போனில் சொல்லும் காரணங்கள்: கரண்டு. எலி கடித்திருக்கும். டிஷ்காரன் பெட்டியில் கோளாறு. பொம்பளைகள் நாள்பூரா நிறுத்தாமல் சீரியல் பார்த்துச் சூடாக்குகிறார்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டுக் கோபம் வந்தது. "நீதானடா சீரியல் பாக்கறவளுக்கு வித்தே?" என்றேன். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான்.

வயலில் தண்ணீர் ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் விடியற்காலையே நாற்றுப் பறிக்கப் போய்விட்டார்.

ஜூலை 12, சனி

இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் நான் பின்னால் நிற்பது தெரியாது. அவர்களில் ஒருத்தி வள்ளியம்மை.

"டீச்சருக்கு கமிஷன் இல்லாமயா வேன் வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க?"

"கமிஷன விடு. ஒண்ணு யோசிச்சுப் பாத்தியா? தெருவுல எல்லார் வீட்லயும் கெட்டுப்போச்சு. அவங்க வீட்டு டிவி மட்டும் எப்படி ஓடுது?"

சர்க்கரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன். பளிச்சென்று வந்தது. யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வள்ளியம்மை கேட்டது நல்ல கேள்விதானே? ஒரே கடை, ஒரே மாசம், பார்வைக்கும் ஒரே மாதிரி. ஏன் ஓடுகிறது?

ஜூலை 13, ஞாயிறு

குத்தாலம் போய்வந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

கடையில் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே அருவி விழுந்துகொண்டிருந்தது. சேரனுக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம். டீ சொல்லி அனுப்பினான், நாற்காலியைத் துடைத்துப் போட்டான். எப்போதும் அப்படித்தான்.

"எங்க வீட்டு டிவி மட்டும் ஏன்டா கெடல?"

"கெடலன்னா சந்தோஷப்படுக்கா."

"ஏன் கெடலன்னு கேட்டேன்."

"அது கம்பெனி பீஸு. உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன். உனக்குப் போயி அந்த லாட்டுலேருந்து குடுப்பனா?"

சாதாரணமாகத்தான் சொன்னான். நான் நன்றி சொல்லுவேன் என்றுகூட எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

"எந்த லாட்டு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னான்:

"திரும்பி வந்த செட்டுக்கா. உள்ள சரிபண்ணி, புது ஸ்டிக்கர் ஒட்டி, புது அட்டப்பெட்டில போட்டு அனுப்புவாங்க. எல்லாமா கெட்டுப்போவுது? பாதி நல்லாத்தான் ஓடும். நான் மட்டுமா விக்கிறேன்?"

"தங்கையன் பெரியப்பாவுக்கு அதையா குடுத்தே?"

"அவங்க குடுக்கற காசுக்கு வேற என்னத்தக் குடுக்க முடியும்?"

"அதச் சொல்லி வித்திருக்கலாமேடா."

"சொன்னா வாங்குவாங்களா? நீ சொன்னதாலதான வாங்குனாங்க."

டீ வந்தது. குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. இரண்டு பக்கமும் புது நடவு. எதையும் பார்க்கவில்லை. நீ சொன்னதாலதான். நீ சொன்னதாலதான். அப்படியானால் நான் யாருடா உனக்கு? அக்காவா? கடை வாசலில் மைக் வைத்துக் கூவும் ஆளா?

ஜூலை 14, திங்கள்

எனக்கென்று நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்தது பாசம்தான். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அவன் மோசம் என்று மட்டும் இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கிவிடுவேன்.

ஜூலை 20, ஞாயிறு

தெருவில் வாங்கியவர்கள் எல்லாரையும் அங்கன்வாடிக்கு வரச்சொன்னேன். பிள்ளைகளின் பாயில் உட்கார்ந்தார்கள். சேரன் சொன்னதை அப்படியே சொன்னேன். என் வீட்டுக்கு வேறு டிவி கொடுத்ததையும் மறைக்கவில்லை. சொல்லும்போது என் குரல் பாடம் நடத்துகிற மாதிரியே இருந்தது. வேறெப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

வள்ளியம்மைதான் கேட்டாள். "உங்களுக்கு இது தெரியாதுங்கறத நாங்க எப்படி நம்பறது டீச்சர்?"

எனக்குத் தெரியாது என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது?

ஜூலை 21, திங்கள்

அங்கன்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். மழையும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மகள் எழில் தஞ்சாவூரிலிருந்து வந்தாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அதிசயமாக லீவு கொடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் நானும் அவளும் மட்டும் ஆற்றுக்குப் போனோம். எப்போதும் தெருப் பெண்கள் கூட்டமாகப் போவோம். அவர்கள் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் டிவியைக் கழற்றச் சொன்னேன். அவரும் எழிலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தங்கையன் பெரியப்பா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் ரிமோட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

பெரியப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "உன் தம்பி கடதான? இது எப்பம்மா கெடும்?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இது கெடாது பெரியப்பா."

என் வாயால் இப்படி ஒன்றைச் சொல்லும்படி ஆகிவிட்டது. சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். அவள் சேரனோடுதான் இருக்கிறாள்.

"கூடப் பொறந்தவன தெருவுல நிக்க வச்சு மானத்த வாங்கிட்டியே. உனக்கு அவன் என்ன கொற வச்சான்? நல்லதாத்தான குடுத்தான்?"

"எனக்கு நல்லதாக் குடுத்தான்மா. அதான்."

"அதான்னா? வெளங்கற மாதிரி பேசு."

விளங்க வைக்கத் தெரியவில்லை. அவளுக்கு விளங்காது என்றும் இல்லை. மகன் வீட்டுச் சோறு.

ஆகஸ்ட் 18, திங்கள்

தெருவில் ஐந்தாறு பேருடன் மயிலாடுதுறை போனேன், நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க. ஒரு வாரமாகவே போகலாமா வேண்டாமா என்று எனக்குள் இழுபறி. அதற்கு முன் சேரனுக்குக் கடைசியாக ஒருமுறை போன் போட்டேன். "எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடு. நான் எங்கயும் போகல" என்றேன். "போ. போயிப் பாரு. சொந்தத் தம்பி மேல கேஸ் போட்ட அக்கான்னு பேரு வாங்கு" என்றான். மனுவை நானே எழுதினேன். சாட்சி என்ற இடத்திலும் என் பெயர்தான்.

வாங்கி வைத்த அலுவலர் ஒரு பக்கம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதிர்த்தரப்பு உங்களுக்குச் சொந்தமாம்மா?"

"தம்பி."

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சீல் வைத்தார்.

திரும்பி வரும்போது வள்ளியம்மை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அவனுக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

அக்டோபர் 8, புதன்

ஒரு குட்டியானை லோடு வண்டி தெருவுக்குள் வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் சேரன். வீடு வீடாக இறங்கி, கெட்டதை எடுத்துக்கொண்டு புதிது வைத்துக் கொடுத்தான். இந்தமுறை எல்லாரும் கேள்விப்பட்ட கம்பெனி, கொஞ்சம் சின்னத் திரை. போட்டுக் காட்டி, அட்டையில் கடை சீல் வைத்துக் கொடுத்தான். பதிலுக்கு மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்று பேச்சு. சரி என்று சொல்லிவிட்டோம்.

தங்கையன் பெரியப்பா வீட்டிலும் ஒன்றை வைத்தான். அங்கே ஓடிக்கொண்டிருந்த என் டிவியைப் பார்த்திருப்பான். எதுவும் கேட்கவில்லையாம். பெரியம்மா சொன்னாள்.

என் வீட்டைத் தாண்டும்போது வண்டி மெதுவாகக்கூடப் போகவில்லை. நான் வாசலிலேயே நின்றிருந்தேன். இளைத்துப் போயிருக்கிறான்.

நவம்பர் 16, ஞாயிறு

தெருவில் பழையபடி பேசுகிறார்கள். பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் வள்ளியம்மை மிக்ஸி வாங்கப் போனபோது பக்கத்துத் தெரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனாள். முன்பென்றால் ஒரு கரண்டி வாங்குவதற்குக்கூட என்னைக் கேட்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

எழிலுக்குத் தை மாசம் கல்யாணம். பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தோம். தாய்மாமன் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன்.

"போடலன்னா ஊரு கேக்கும்" என்றார் அவர்.

"ஊருக்காக வேணாம். மாமா பேரப் போடும்மா, எனக்காக" என்றாள் எழில். "சைக்கிள்ல வச்சு என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோயி விட்டவரு. நீ சண்ட போட்டுக்க. எனக்கு மாமாதான்."

சண்டையா இது? சண்டை என்றால் ஒருநாள் தீருமே.

பெயரை எழுதினேன். அவன் கடையை மூடிவிட்டு, கும்பகோணத்தில் யாரிடமோ வேலைக்குப் போகிறானாம். எனக்கு நிம்மதியாக இல்லை. பாவமாகவும் இல்லை. இரண்டும் இல்லாமல் ஒரு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

சேரனுக்குப் பத்திரிகை வைக்க அவர் மட்டும் போனார். வருவதாகச் சொன்னானாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. மண்டபத்துக் கணக்கெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழில் அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். புடவைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

சேரன் வந்தான். மனைவி, அம்மா, பின்னால் சீர்த்தட்டுகள். ஒரு குறையும் வைக்கவில்லை. எழிலுக்கு மாலை போட்டான். அவள் அவன் காலில் விழுந்து எழுந்ததும் இரண்டு பேரும் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. அந்த நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

பிறகு மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தான். வள்ளியம்மையும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். எதிரே வந்து நின்று, நான் பேசட்டும் என்று காத்திருந்தான். சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் அப்படித்தான் நிற்பான். வாடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறந்ததிலிருந்து அவனை வேறெப்படியும் நான் கூப்பிட்டதில்லை. வாயைத் திறந்தேன்.

"வாங்க. சாப்புட்டுட்டுப் போங்க."

யோசித்துச் சொன்னதில்லை. அப்படித்தான் வந்தது. அம்மா திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"சரிங்க" என்றான்.