மாலை ஐந்து மணி வைரஸைத் திரும்பப் போட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ஸ்தான்கா மினேவா,
சம்பளப் பிரிவு எழுத்தர்,
'ஸோர்னிட்சா' காய்கனிப் பதனத் தொழிற்சாலை,
காமென்கிராட், பல்கேரியா.

பெறுநர்
மாவட்டத் தொழிலாளர் நல ஆய்வாளர் அவர்கள்,
காமென்கிராட்.

பொருள்: எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து அகற்றப்பட்ட வைரஸைத் திரும்பப் போடவும், அதை எழுதியவரை வேலையில் வைத்திருக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய தோழர் / ஐயா,

(எப்படி அழைப்பது என்று எங்கள் அலுவலகத்தில் இந்த மாதம் இன்னும் முடிவாகவில்லை. பொருந்தாததைத் தாங்களே நீக்கிக்கொள்ளவும்.)

1. எங்கள் இயக்குநர் போஜில் திரியான்கோவ் அவர்கள், ஐந்து மணிக்கு வேலை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, "அஞ்சே அஞ்சு நிமிஷம், எல்லாரும் வாங்க" என்று தினமும் கூட்டம் கூட்டுவார். அது ஏழு மணிக்கு முடியும். ஊறுகாய்க்கு மிளகாய் வருமா என்பதே பெரும்பாலும் பேசுபொருள். மிளகாய் வந்ததில்லை.

2. குழந்தைகள் காப்பகம் ஐந்தரைக்குப் பூட்டப்படும். அதன்பின் என் மகள் யானா, வயது நான்கு, காவலாளியின் அறையில் இருப்பாள். அவர் நல்லவர். சூரியகாந்தி விதையைப் பல்லால் உடைத்துத் தொலியைத் தூரத் துப்பவும், வீட்டில் சொல்ல முடியாத சில சொற்களையும் அவரிடம் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அழைக்கப் போனபோது, "நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டாள். இதைப் புகாராகக் கொள்ள வேண்டாம்; தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன்.

3. சென்ற அக்டோபரில் ஒரு நாள், சரியாக ஐந்து மணிக்கு, தட்டச்சர் பென்கா கூட்டக் குறிப்பைத் தட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் தானாகவே ஹோரோ நடன மெட்டு ஒன்றை வாசித்தது. பிறகு விடியும்வரை எந்த விசைக்கும் மசியவில்லை. "எவன் ரேடியோ போட்டது?" என்றார் இயக்குநர். "கம்ப்யூட்டர்தான், தோழர். அது வீட்டுக்குக் கிளம்பிடுச்சு" என்றார் பென்கா. குறிப்பெடுக்கப்படாத கூட்டம் கூட்டமே ஆகாது என்பது இயக்குநரின் கொள்கை. எனவே கலைந்தோம். மறுநாளும் அப்படியே. சில வாரங்களில், மெட்டு கேட்டதும் இயக்குநரே தொப்பியைத் தேடத் தொடங்கினார். கணக்குப் பிரிவினர் கைகோத்து ஆடியபடி படியிறங்கினர். யானா மறுபடி என் மடியில் உறங்கினாள்.

4. ஜனவரியில் தலைநகரிலிருந்து வந்த நிபுணர், இது வைரஸ் என்று கூறி அழித்துவிட்டார். எழுதியவர் எங்கள் புரோகிராமர் ஒக்னியான் ஸ்லாதேவ். அவர் மறுக்கவில்லை, யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தார் போலும். "ஏம்ப்பா, இதையெல்லாம் எதுக்குத்தான் எழுதுறீங்க?" என்று நிபுணர் கேட்டதற்கு அவர் அளித்த பதில், பென்கா குறித்தபடி:

"அஞ்சு வருஷம் படிச்சேங்க. இங்க எனக்குக் குடுத்த வேலை ஜாடிக்கு லேபிள் அடிக்கிறது. சரக்குக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினேன், ஒருத்தரும் ஓட்டிக்கூடப் பாக்கல. அமைச்சகத்துக்கு மனுவா போட்டேன், நம்ம கேட்டையே தாண்டல. இது யாரும் கூப்பிடாம, பிளாப்பி டிஸ்க்ல ஏறி ஒவ்வொரு கம்ப்யூட்டரா தாவி, அமைச்சகம் வரைக்கும் போயிருக்கு! அங்கயும் அஞ்சு மணிக்கு ஆடுறாங்களாமே, நெசமா?"

நிபுணர் வெளியேறும்போது அந்த மெட்டை முணுமுணுத்தார்.

5. ஒக்னியானை மாத இறுதியில் பணிநீக்கம் செய்ய உத்தரவாகியுள்ளது. கூட்டங்கள் மீண்டும் ஏழு மணிவரை நடக்கின்றன. மிளகாய் இன்னும் வரவில்லை. யானா தன் வீட்டுச் செருப்பைக் காவலாளியின் அறைக்கே கொண்டுபோய்விட்டாள்.

எனவே, மேற்படி உத்தரவை ரத்து செய்து, வைரஸை அதன் பழைய பொறுப்பில் அமர்த்துமாறு வேண்டுகிறேன். அது இயலாதெனில், கூட்டங்களை ஐந்து மணிக்கு முடிக்குமாறு இயக்குநருக்கு ஆணையிடலாம். எது எளிது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இதே பொருளில் நான் தாளில் அனுப்பிய இரண்டு மனுக்களும் வந்து சேரவில்லை என்று தங்கள் அலுவலகத்தில் கூறினர். ஆகவே இம்முறை ஒக்னியானின் உதவியோடு பிளாப்பியில் அனுப்புகிறேன். இதைத் தாங்கள் படிக்கிறீர்கள் என்றால், பிளாப்பி தங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அவசரமில்லை. ஐந்து மணிக்குப் பிறகு, வீட்டிலிருந்தபடி யோசித்து முடிவெடுத்தால் போதும்.

இடம்: காமென்கிராட்
நாள்: 12 பிப்ரவரி 1990

பணிவுடன்,
ஸ்தான்கா மினேவா
(யானாவின் தாய்)