அத்தை கொண்டு வந்த காய்ச்சல்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன், பதிலே இல்லை. போன் செய்தால் அண்ணன், "அவ தூங்குறா" என்கிறான், பகல் பதினொரு மணிக்கு. நீங்கள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

குட்டிக்கு ஊசி பழகிவிட்டதா? நாலு வயதுப் பிள்ளைக்குத் தினம் நாலு ஊசி என்று நினைத்தாலே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆய்வுக்கூடத்தில் எனக்கும் அதே சர்க்கரை வியாதியோடுதான் மாரடிப்பு. இறந்தவர்களின் கணையத்தை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இன்சுலின் சுரக்கும் செல்லுக்குள் வைரஸ் புகுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பதினோரு வருஷத்தில் கண் பூத்துவிட்டது. அது நம் வீட்டுக்கே வரும் என்று நினைக்கவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 19

நாத்தனாருக்கு,

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். போன கோடையில் காய்ச்சலோடு வந்து இறங்கினாய். "சாதாரண வைரஸ்தான் அண்ணி, ரெண்டு நாள்ல போயிடும்" என்றாய். உன்னை விட்டுப் போனது, குட்டியைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே தம்ளரில் பால் குடித்தீர்கள். ஆறே மாதத்தில் பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாகிவிட்டாள். வைரஸையே படித்தவள் நீ.

நான் ஓய்ந்துவிட்டேன். தட்டில் வைப்பதையெல்லாம் தராசில் நிறுத்து, விரலைக் குத்தி, ஊசி போட்டு, மறுபடி விரலைக் குத்தி. நேற்று ஊசியைப் பார்த்ததும் அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "குட்டி வீட்ல இல்ல!" என்று குரல் கொடுக்கிறாள். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஒன்று மட்டும் சொல். உன் காய்ச்சல்தானே? ஆமாம் என்றால் உன்மேல் கோபப்பட்டே காலத்தை ஓட்டிவிடுவேன். இல்லை என்றால் என் புத்தி வேறெங்கோ போகிறது. இவள் வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதம், ஒரு வாரம் காய்ச்சல் எனக்கு. லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று டாக்டரிடம் போகவில்லை, உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்றால் என்னால் தாங்க முடியாது.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இல்லை அண்ணி, நான் இல்லை! குட்டிக்கு ஒரு வயதாக இருந்தபோது, ஆய்வுக்கு ஆரோக்கியமான பிள்ளைகளின் ரத்தம் வேண்டும் என்று உங்களிடம் கேட்டு எடுத்துப் போனேனே, அந்தக் குப்பி இன்னும் எங்கள் உறைபெட்டியில் இருந்தது. மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுச் சோதித்தேன். சொந்தக் கணையத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் அதில் அப்போதே இருந்திருக்கிறது. வைரஸுக்குப் பயந்து உடம்பு, மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்திய கதையாக, தன் கணையத்தையே அழித்துவிடுகிறது. அந்தத் தீ நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே பற்றியிருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! இத்தனை மாதமாக நானும் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

அப்படியானால் வைரஸ் எப்போது புகுந்தது என்று கேட்பீர்கள். பிறந்த பிறகாக இருக்கலாம். வயிற்றில் இருந்தபோது தாய்க்கு வரும் காய்ச்சலையும் சிலர் சந்தேகிக்கிறார்கள், யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நீங்கள் நிரூபணத்துக்கா காத்திருப்பீர்கள்? நேராக ஏழாம் மாதத்துக்குப் போய்...

வேண்டாம். இதை அனுப்பக் கூடாது. என் மேஜைக்குள்ளேயே கிடக்கட்டும்.


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

ஆமாம். என் காய்ச்சல்தான். பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அப்படி வந்திருக்கக் கூடாது. உங்கள் ஏழாம் மாதத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பதினோரு வருஷமாக இதையே பார்ப்பவள் சொல்கிறேன், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கோபம் முழுக்க என்மேலேயே இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 20

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. ஒப்புக்கொண்டாயே, அதுவரைக்கும் சரி. ஆனால் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இனி எழுதாதே.

நான் பகலில் படுப்பதை விட்டுவிட்டேன். தெம்பு வந்திருக்கிறது. நேற்று அலமாரிக்கு வெளியே நின்று, "அப்ப இந்த ஊசிய யாருக்குப் போடறது?" என்று கேட்டேன். "அத்தைக்கு" என்றாள் குட்டி. சிரித்துவிட்டேன். பிறகு, "அத்த எப்ப வரும்?" என்று கேட்டாள்.

வராது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி